வெட்டுகிறவருக்குக் கடைசித் துண்டு

குப்பூஸ் சூடாக இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். ஆகவே துபாய் தேராவின் பின்சந்தில் ஆப்கானியர் கடை அடுப்பிலிருந்து ரொட்டி கைக்கு வந்ததும் ராக்கம்மா நடையைக் கட்டிவிட மாட்டார். வாசலிலேயே நின்று நாலு விசிறு விசிறுவார். பிறகு அதைப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி, கைப்பையின் பக்க அறையிலிருந்து நூலை எடுப்பார். நாற்பதாம் நம்பர் வெள்ளை நூல், இரண்டாக முறுக்கியது, விரல் வழுக்காமல் இருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு சட்டைப் பொத்தான். ரொட்டிக்கு அடியில் நூலைக் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றிப் பிடித்து ஒரே இழுப்பு. துண்டு தனியாக விழும். இப்படி நாலு இழுப்பில் ஐந்து துண்டு. ரொட்டி கையால் பிய்த்துத் தின்பதற்கென்றே செய்யப்பட்டது என்று கடைக்காரர் ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

ஐந்து துண்டில் ஒன்று, பச்சை பில்டிங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஹஸ்னைனுக்கு. முல்தான்காரர். காவல்காரரை இங்கே நாத்தூர் என்பார்கள். ஒன்று, பார்க்கிங்கில் கார் கழுவும் ரெங்கராஜுக்கு. ஒன்று, படிக்கட்டு துடைக்கும் பஞ்சவர்ணத்துக்கு. நாலாவது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் மகள் லோஷ்னிக்கு ஒன்று. இவர்கள் நாலு பேரும் எடுத்தது போக மிஞ்சுவது ராக்கம்மாவுக்கு. அந்த வரிசையை ஒருநாளும் மாற்றமாட்டார். முதல் நாள் ஹஸ்னைன் மரியாதைக்காக, அம்மாஜி முதலில் எடுக்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ராக்கம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“வெட்றவ கைக்குக் கடேசித் துண்டு. அப்பத்தான் வெட்டு நேரா போவும்.”

இதை ரெங்கராஜ் தனக்குத் தெரிந்த இந்தியில் ஹஸ்னைனுக்குச் சொன்னார். ஹஸ்னைன், எங்கள் ஊரில் நிலம் பிரித்த அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால் நான் துபாய்க்கே வந்திருக்கமாட்டேன் என்றார்.

ராக்கம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. ஊர் தென்னாப்பிரிக்காவில் டர்பன். ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஆரணிப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வம்சம். கப்பலில் போன தமிழ் அப்படியே பெட்டியில் இருந்ததுபோல் அவர் வாயில் இருக்கிறது; மேலே கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் அந்த ஊர்ச் சூலு மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆமாம் என்பதற்கு ‘யா’. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருடைய லீவு ரத்தானாலும், பக்கத்து வீட்டுப் பூனை மாடியிலிருந்து விழுந்தாலும் ‘ஷேம்’. அந்த ஊரில் அதற்கு ஐயோ பாவம் என்று பொருள் என்பது தெரியாமல் பஞ்சவர்ணம் முதல் வாரம் முழுக்க, இந்தம்மா நம்மை வெட்கங்கெட்டவள் என்கிறதே என்று குமைந்துகொண்டிருந்தாள்.

ரெங்கராஜ் திருவாடானைக்காரர். ‘இன்னா கண்ணு, வேலை கீதா’ என்று ராக்கம்மா முதன்முதலில் கேட்டபோது, பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மாவுக்கு ஆற்காட்டுப் பக்கங்களா?”

“யா, ஆற்காடுதான். நடுவால ஒரு கடல் வந்துடிச்சி.”

அன்றிலிருந்து ரெங்கராஜுக்கு அவர் அம்மா. ராக்கம்மாவோ ரெங்கராஜின் முகத்தைவிட அவர் சட்டைக் காலரைத்தான் அதிகம் பார்த்திருப்பார். எதிரே வருகிறவர் யாரானாலும் அவர் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். பதினாறு வயதில் டர்பன் சட்டை ஃபாக்டரி ஒன்றில் காலர் தைக்க உட்கார்ந்தவர். ஒரு நாளைக்கு இத்தனை டஜன் என்று தைத்துத் தைத்து, உலகத்தையே காலர் வழியாகப் பார்க்கப் பழகிவிட்டார். லிஃப்டில் அறிமுகமில்லாத ஒருவரின் காலரைத் திருப்பிப் பார்த்து, ஒற்றைத் தையல் என்று உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். அந்த மனிதர் பெரிய வங்கி ஒன்றில் மேனேஜர் என்று லோஷ்னி பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தால் என்ன, ஒற்றைத் தையல் ஒற்றைத் தையல்தானே என்பது ராக்கம்மாவின் கட்சி. அடுத்த வாரம் அந்த மேனேஜர் பொத்தான் அறுந்த சட்டையோடு நாலாவது மாடிக்கு வந்து நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்சங்கப் பழக்கம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருந்தாலும் ராத்திரிக்கு ரசம் என்று ராக்கம்மா முன்மொழிவார். லோஷ்னி வழிமொழிய வேண்டும். அவள் கைபேசியைப் பார்த்தபடி உம் என்றால் செல்லாது; கை தூக்க வேண்டும். தூக்கவில்லையென்றால் தீர்மானம் ஒத்திவைக்கப்படும், ரசமும் ஒத்திவைக்கப்படும். வெள்ளிக்கிழமைகளில் மூன்றாவது மாடி இரத்தினசிங்கத்தோடு சீட்டாட்டம். ஆட்டத்துக்கு டர்பனில் ஒரு பேர், யாழ்ப்பாணத்தில் ஒரு பேர். குலாம் என்கிற ஜாக்தான் பெரிய சீட்டு என்பதில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. ராக்கம்மா தாராளமாகக் கள்ள ஆட்டம் ஆடுவார். பிடிபட்டால் ஒழுங்குப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பி, அதன்மேல் வாக்கெடுப்பு நடத்தி, அந்தச் சந்தடியில் சீட்டை மாற்றிவிடுவார்.

இப்படிப்பட்டவரை ஒரு அரசாங்கம் பதினான்கு மாதம் பூட்டி வைத்திருந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். விஷயம் சின்னது. ஒரே காலர், ஒரே மெஷின், ஒரே தையல். ஆனால் இந்தியப் பெண்ணுக்கு ஒரு சம்பளம், கறுப்பினப் பெண்ணுக்கு அதைவிடக் குறைவான சம்பளம். சங்கத்தில் சேரலாமே என்றால், கறுப்பினத்தார் பதிவுபெற்ற சங்கத்தில் சேர அன்றைய நிறவெறிச் சட்டத்தில் இடமில்லை. இருபத்து மூன்று வயது ராக்கம்மா, ஒரு ரகசிய நோட்டில் அந்தப் பெண்களின் பெயர்களை எழுதிச் சேர்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா மெஷினையும் நிறுத்த வைத்தார். முன்னூறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றபோது கேட்ட அமைதியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். புதன்கிழமை போலீஸ் வந்தது. ஆண்டு 1976.

அந்த நோட்டு கடைசிவரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், காலருக்குள்ளே என்பார். ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து, மடித்து, காலருக்கு உள்ளே வைத்துத் தைத்து அனுப்பிவிட்டாராம். எந்தெந்த ஊர்த் துரைமார் கழுத்தில் சங்க உறுப்பினர் பட்டியல் சுற்றிக்கொண்டிருந்ததோ, அது அவருக்கும் தெரியாது.

கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்த வீட்டை விற்றாயிற்று. துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் லோஷ்னி ஒற்றை மகள். அம்மாவைத் தன்னுடைய விசாவிலேயே அழைத்து வைத்துக்கொண்டாள். லோஷ்னி பேசுவதெல்லாம் ஆங்கிலம். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அது எப்போது வருமென்று ராக்கம்மாவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பெரும்பாலும் வரவழைப்பவர் அவர்தான்.

இதற்கு முன் அவர்கள் துபாயிலேயே குசைஸில் வேறொரு கட்டடத்தில் இருந்தார்கள். பைக்கில் சாப்பாடு கொண்டுவரும் ஆட்கள் வெயிலில்தான் நிற்க வேண்டும், உள்ளே நிழலில் நிற்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி. ஆகஸ்ட் மாதம். ராக்கம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பதினேழு கையெழுத்து வாங்கிவிட்டார். கட்டடத்து மேனேஜர் லோஷ்னியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். அடுத்த வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அன்று லோஷ்னிக்குத் தமிழ் வந்தது.

“பேப்பர் வேணாம் மா. மீட்டிங் வேணாம். ஸ்பீச் வேணாம். இன்னொரு வாட்டி யாராச்சும் என்னக் கூப்ட்டா, உன்ன ஏரோப்ளேன்ல ஏத்திடுவேன்.”

சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கும் வேறு யாரும் இல்லை. ராக்கம்மா சிறையில் அழாதவர். மகள் அழுதால் தாங்கமாட்டார். அந்த இடத்திலேயே கை தூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றினார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் பச்சை பில்டிங்கில் ஒரு தாளிலும் அவர் கையெழுத்து வாங்கவில்லை. இரத்தினசிங்கத்திடம் சீட்டுக் கணக்கை எழுதும் தாளில் கையெழுத்துக் கேட்டபோதுகூட, அது இதில் அடங்குமா என்று லோஷ்னியைக் கேட்டுக்கொண்டார். டர்பனில் திரும்பிப்போய் இறங்கினால் வாசலில் நிற்க ஒரு ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன டிசம்பரில் அமீரகத்தின் தேசிய தினம் வந்தது. கொடி விற்கிறவர்கள் சந்தெல்லாம் நிறைந்திருந்தார்கள். இரத்தினசிங்கத்தின் மனைவி சுகந்தாவுக்கு இதுபோன்ற காரியங்களில் கை துறுதுறுக்கும். கட்டடத்தின் வாட்ஸாப் குழு அவள் கையில்தான். மொட்டைமாடியில் விருந்து, கொடியின் நாலு நிறத்தில் பெரிய கேக், பிள்ளைகளுக்குப் போட்டி என்று எல்லாம் அவளே ஏற்பாடு. கட்டடத்திலேயே வயதில் மூத்தவர் என்பதால் கேக்கை வெட்ட வேண்டியவர் ராக்கம்மா அன்ரி என்றும் அறிவித்துவிட்டாள். நாலாவது மாடியில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. எந்தச் சேலை என்பதற்கு மூன்று தீர்மானங்கள் வந்தன.

இரண்டு நாள் கழித்துக் குழுவில் நிகழ்ச்சி நிரல் வந்தது. நாலு மணிக்குக் கீழே பார்க்கிங்கில் ஊழியர்களுக்குச் சாப்பாட்டுப் பொதி கொடுக்கப்படும். ஐந்து மணிக்கு மாடியில் குடும்பங்களுக்கு மட்டன் பிரியாணியும் கேக்கும். ராக்கம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“ரெண்டு சட்டி,” என்றார்.

லோஷ்னி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ராக்கம்மாவோ, தலை வலிக்கிறது, விருந்துக்கு நான் வரவில்லை, நீ போய்விட்டு வா என்று மட்டும் சொன்னார். லோஷ்னிக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தலைவலி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த இரண்டு சட்டி எது என்பதையும் லோஷ்னி சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். அந்நாளில் அந்த நாட்டுச் சிறைகளில் சாப்பாட்டுக்கும் நிறம் உண்டு, நிறத்துக்கு ஒரு சட்டி. இந்தியக் கைதிக்கு ரொட்டி. கறுப்பினக் கைதிக்கு ரொட்டி கிடையாது, சோளக் கூழ்தான். ராக்கம்மாவோடு இன்னும் மூன்று இந்தியப் பெண்கள் உள்ளே இருந்தார்கள். நாலு பேருக்கும் இளரத்தம். தோழிகளுக்கு இல்லாத ரொட்டி எங்களுக்கும் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். பதினோரு நாள் அப்படியே ஓடியது. முதுகெலும்பு நிமிர்ந்து, கன்னம் ஒட்டி, தங்களைப் பற்றித் தங்களுக்கே பெருமை தாங்கவில்லையாம். பன்னிரண்டாம் நாள், துணி துவைக்கும் முற்றத்தில் தோக்கோ என்ற சூலுப் பெண் பக்கத்துத் தொட்டிக்கு வந்தாள். ஃபாக்டரியில் ராக்கம்மாவுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்தவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். குனிந்து துணியைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்: நீங்கள் வேண்டாம் என்ற ரொட்டி எங்கே போகிறது, வார்டர் வீட்டுக் கோழிக்கா? நீ மெலிந்தால் என் வயிறு நிறையுமா? நாளையிலிருந்து வாங்கு. வாங்கி, கொண்டுவா.

ராக்கம்மாவை யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஏசியதில்லை. மறுநாள் நாலு பேரும் ரொட்டியை வாங்கினார்கள். பாவாடை மடிப்பில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கத்தி ஏது? கம்பளியிலிருந்து ஒரு நூலை உருவி, ஈரத் துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டினார்கள். பதினோரு வாய். வெட்டுகிறவளுக்குக் கடைசித் துண்டு என்ற சட்டத்தைப் போட்டவளும் தோக்கோதான். ராக்கம்மாவின் கண் கொஞ்சம் பெரிய துண்டின் பக்கம் போவதைப் பார்த்துவிட்டுப் போட்டதாக ராக்கம்மாவே ஒப்புக்கொள்வார்.

விருந்துக்கு முந்தின நாள் காலை. ஆப்கானியர் கடை வாசலில் ரொட்டியைச் சுருட்டி, அடியில் நூலைக் கொடுத்தவர், இழுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கடைக்காரர் நூல் அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். ராக்கம்மா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாகியும் புத்தி வரவில்லையே என்று தோன்றியதாம். தலைவலி என்று படுத்துக்கொண்டால் பிரியாணியும் கேக்கும் கீழே இறங்கி வரப்போகிறதா? வீட்டுக்கு வந்ததும் சுகந்தாவுக்குப் போன் போட்டு, தலைவலி போய்விட்டது, நானே வந்து வெட்டுகிறேன், ஆனால் கத்தி வேண்டாம் என்றார். சுகந்தாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. லோஷ்னிக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மொட்டைமாடியில் காற்று நன்றாக வீசியது. சரம்சரமாகக் கொடி. நடுவில் நீள மேஜை, அதன்மேல் சிவப்பும் பச்சையும் வெள்ளையும் கறுப்புமாகக் கேக், ஒரு மூலையில் க்ரீமில் செய்த பெரிய ரோஜாப்பூ. பிள்ளைகள் மேஜையைச் சுற்றி முற்றுகையிட்டிருந்தார்கள். ராக்கம்மா கரும்பச்சைச் சேலையில் வந்து, கைப்பையைத் திறந்து, நூலை எடுத்தார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நாலைந்து பேர் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினார்கள். ராக்கம்மா பொத்தான்களை விரலிடுக்கில் வைத்து நூலைக் கேக்குக்கு மேலே விறைப்பாகப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

“வெட்டுங்கோவன் அன்ரி,” என்றாள் சுகந்தா.

“ஆளு வரட்டும் கண்ணு. தலை எண்ணாம நூலு போடக் கூடாது.”

“எல்லாரும் வந்திட்டினமே. இன்னும் ஆர் வரவேணும்?”

“மூணு பேரு.”

சுகந்தா ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது, முகம் சிவந்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. பொதிகளில் வடையை எண்ணிக்கைக்கு மேலேயே வைத்துக் கட்டியவள். டியூட்டி உடையோடு மாடிக்கு வரக் கூச்சப்படுவார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டவள். அதையெல்லாம் மெல்லிய குரலில் அன்ரியிடம் சொன்னாள். ராக்கம்மா, வடை ரொம்ப நன்றாக இருந்ததாகப் பஞ்சவர்ணம் சொன்னாள் என்றார். முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை. நூல் மட்டும் இறங்கவில்லை.

“ரெங்கராஜும் பஞ்சவர்ணமும் வரலாம் அன்ரி. நாத்தூர் எப்பிடி வாறது? கேற்றை விட்டிட்டு ஏறினா அந்தாளின்ரை வேலை போயிடும்.”

அது உண்மை. ஐந்து நிமிஷம் வாசல் காலியாக இருந்தாலும் ஹஸ்னைனுக்குக் கடிதம் வந்துவிடும். ராக்கம்மா பேசக் கூடாது, ஸ்பீச் வேண்டாம் என்று மகளோடு ஒப்பந்தம். அதனால் நூலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். கேக் காத்திருந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இத்தனை பேர் நிற்கும் மாடியில் கொடிகள் படபடப்பது தவிரச் சத்தமே இல்லை. ராக்கம்மாவுக்கு இந்த அமைதி பழக்கமானது.

லோஷ்னி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர் இல்லை. மீட்டிங் சுகந்தா கூட்டியது. ஸ்பீச்சும் இல்லை, அம்மா மொத்தமாகப் பேசியது இருபது வார்த்தை தேறாது. ஒப்பந்தத்தில் எந்த இடத்திலும் கேக் என்ற சொல் வரவில்லை. அம்மாவை இதில் பிடிக்க வழியே இல்லை. ஆனால் நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டால்? மறுபடியும் தேநீர், மறுபடியும் மரியாதை, மறுபடியும் வீடு தேடல். அந்தப் பயத்தோடுதான் அம்மாவைப் பார்த்தாள். நூல் இறுக்கியதில் ராக்கம்மாவின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வயது எழுபத்திரண்டு. இவர் இறக்கமாட்டார் என்பது லோஷ்னிக்குத் தெரியும். எத்தனை நேரமானாலும் இறக்கமாட்டார்.

லோஷ்னி லிஃப்டுக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் ராக்கம்மா நினைத்தார். ஏரோப்ளேன் ஞாபகம் வந்தது. அப்போதும் நூலை இறக்கவில்லை.

நாலைந்து நிமிஷம் கழித்து லிஃப்ட் திறந்தது. முதலில் ரெங்கராஜ், பான்ட் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி பஞ்சவர்ணம். கடைசியில், வாசலை விட்டு ஒருநாளும் இரண்டாவது மாடிக்குமேல் ஏறியறியாத ஹஸ்னைன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. லோஷ்னி மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, போ என்று விரட்டிவிட்டார், வந்துபோவோர் நோட்டைக்கூடப் பிடுங்கிக்கொண்டார் என்று அவர் திகைப்போடு முறையிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் நூல்.

சுகந்தா சும்மா நிற்கவில்லை. கணவரை ஏவி மூன்று நாற்காலி கொண்டுவரச் செய்தாள். பிரியாணிச் சட்டியைத் திறந்து, ஹஸ்னைனின் தட்டில் அவளே அள்ளி வைத்தாள். பஞ்சவர்ணத்தைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, வடை நல்லாயிருந்ததோ என்று மறுபடியும் கேட்டுக்கொண்டாள். ராக்கம்மா தலைகளை ஒருமுறை எண்ணி, கீழே இருப்பவளையும் தன்னையும் சேர்த்துக்கொண்டு, நூலை இறக்கினார். நீளத்தில் சில இழுப்பு, அகலத்தில் சில இழுப்பு. காலர் தைத்த கை. ஒரு துண்டு இன்னொன்றைவிட ஒரு நூல் கூட இல்லை. இந்தம்மாவை நம்ம ஊருப் பங்காளி சண்டைக்குக் கூட்டிப் போகணும் என்றார் ரெங்கராஜ். ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரோஜாப்பூ இருந்த துண்டை எடுக்கப் பிள்ளைகளுக்குள் அடிதடி ஆகிவிடும் போலிருந்ததால், ஒருவருக்கும் வேண்டாம் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். மேஜையில் இரண்டு துண்டுகள் மீந்தன. சரியான கணக்கு.

அப்போது விருந்துக்குச் சொல்லியிருந்த தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்துமுனை மளிகைக் கடைக்காரர் சுஐபு படியேறி வந்து சேர்ந்தார். தட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, பூ இருந்த மற்றொன்றோடு ராக்கம்மா லிஃப்டில் இறங்கினார்.

வாசலில் ஹஸ்னைனின் பிளாஸ்டிக் நாற்காலியில் லோஷ்னி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, பக்கத்தில் டார்ச். உள்ளே வந்த யாரோ ஒருவரின் பெயரையும் நேரத்தையும் டீச்சர் கையெழுத்தில் அழகாக எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ராக்கம்மா படியில் உட்கார்ந்து, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்து, ஒன்றே மிஞ்சியது, பாதிப் பாதி என்று சொல்லி நூலை எடுத்தார். விரல்களில் கோடு கோடாகச் சிவந்திருந்தது.

லோஷ்னி கையை நீட்டினாள்.

“குடு மா. நான் வெட்றேன்.”

கோபமில்லாமல் அவள் தமிழ் பேசி ராக்கம்மா கேட்டது அன்றைக்குத்தான். நூலைக் கொடுத்தார். லோஷ்னி பொத்தான்களை விரலிடுக்கில் வைத்து, அடியில் கொடுத்து, மேலே மாற்றிப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் கோணிவிட்டது. ஒரு பாதி பெரிதாகி, பூ முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. வெட்டியவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ராக்கம்மா இரண்டு துண்டையும் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பூவோடு இருந்த பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.